எந்த அங்கிள்?

தொண்ணூற்றொன்பதில், சான் ஹோசே ஆபீசில் என் பக்கத்து சீட்டு மிலான், செர்பியாவில் ஒரு சின்னக் கிராமத்துக்காரன். ஊரில் அங்கிள் இறந்துவிட்டதாக ஒருநாள் சொன்னான். "சாரி" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினேன்.

மூன்று மாதம் கழித்து மதுரையில் என் மாமா போய்விட்டார். லீவு கேட்டபோது, "அங்கிள்தானே?" என்றார் மேனேஜர். மிலான் மட்டும் கேட்டான்: "அம்மா கூடப் பிறந்தவரா, அப்பா கூடப் பிறந்தவரா?"

அமெரிக்காவில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "அம்மாவோட அண்ணன்."

"அவரை நாங்க 'உயாக்'னு சொல்வோம். எங்க ஊர்ல முப்பது வீடு, எல்லாரும் சொந்தம். முறை தெரியாம யாரையும் கூப்பிட முடியாது."

அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "மிலான், உன் அங்கிள்?"

"உயாக்" என்றான்.

எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் தாமதமாக, அவன் மாமாவுக்குத் துக்கம் விசாரித்தேன்.