ஓட்டிப் பார்த்துத்தான் தருவேன்

வலது கைக் கட்டைவிரலால் ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொண்டே இடது கையால் மவுஸைத் தட்டுகிறார். திரையில் ஒரு கார்ப் பந்தயம் மெல்லத் திறக்கிறது. “நாப்பத்தொண்ணு செகண்டு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பக்கத்து மேசைக்கு நகர்ந்து, அதே விளையாட்டை இன்னொரு கணினியில் திறக்கிறார். “இது இருபத்தொம்போது.” இரண்டு எண்களையும் ஒட்டுத்தாளில் எழுதி அந்தந்தப் பெட்டியின் நெற்றியில் ஒட்டுகிறார். அடுத்தது ஓட்டம். நொடிக்கு எத்தனை படங்கள் வந்து விழுகின்றன என்று மூலையில் மின்னும் எண்ணைக் கண்ணிமைக்காமல் பார்க்கிறார். அந்த எண் குறைந்தால் ஆட்டம் விட்டுவிட்டு ஓடும்.

பழைய கணினிகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை. மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில்தான் உட்கார வேண்டும். அதை நடத்தும் பெண்ணுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுவார். கணினிக்குள் இருக்கும் காற்றாடியின் தூசியை ஊதும்போது சரியாக மூன்று தும்மல். தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்டாப்வாட்ச் அக்கா.

வருகிறவர்கள் எந்தக் கணினி நல்லது என்று கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும். “என்ன கேம் ஆடுவீங்க?” தெரியாது என்றால், “போய்க் கேட்டுட்டு வாங்க. கால் அளவு தெரியாம செருப்பு வாங்குவீங்களா?” என்று அனுப்பிவிடுவார்.

கணினி மூளையின் சிங்கிள் கோர், டூயல் கோர் விவகாரத்தை அவரைப்போல எளிதாகச் சொன்னவர்கள் இல்லை. “உள்ள வேலை செய்ய ஒருத்தர் இருக்காரா, ரெண்டு பேரா, அவ்வளவுதாங்க. புது கேம் ரெண்டு பேரையும் வேலை வாங்கும். அங்க டூயல் கோர்தான் ராஜா. பழைய கேம் ஒருத்தரை மட்டும்தான் கூப்பிடும். இன்னொருத்தர் கைய கட்டிட்டு உக்காந்திருப்பார். கூப்பிட்ட ஆள் மந்தமானவரா இருந்தா, போச்சு.”

இதை அவர் கற்றுக்கொண்ட விதம்தான் வேறு. அதை அவரே என்னிடம் சொன்னார்.

ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வாடிக்கையாளராக இருந்தார். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகளோடு ஞாயிறுதோறும் கார்ப் பந்தயம் ஆடுவார். பத்து வருடத்துப் பழைய விளையாட்டு. மகளை ஜெயிக்க விடமாட்டார். அவருடைய சிங்கிள் கோர் கணினி சத்தம் போடுகிறது என்று வந்தபோது, அக்கா ஒரு டூயல் கோரைக் காட்டி, “ஒண்ணுக்கு ரெண்டுண்ணே, பறக்கும்” என்று கொடுத்தனுப்பினார். ஓட்டிப் பார்க்கவில்லை. பழைய பெட்டியை வாங்கி அலமாரியின் மேல் போட்டுவிட்டார்.

எட்டு மாதம் கழித்து அந்தப் புதுக் கணினியோடு டிரைவரின் மனைவி வந்தார். “இத எடுத்துக்கம்மா. அவருக்கு இனிமே கை வராது.”

“என்னக்கா ஆச்சு?”

“கேம்ல வளைவுல திருப்பினா வண்டி சுவத்துல போய் முட்டுது. மகள்கிட்ட தொடர்ந்து தோத்தார். கண் டாக்டர்கிட்ட போனோம், நரம்பு டாக்டர்கிட்ட போனோம். ஒண்ணுமில்லைனுதான் சொல்றாங்க. அவர் நம்பல. இந்தக் கையோட எத்தனை உயிரை ஏத்திட்டுப் போயிருப்பேன்னு சொல்லிட்டு, வீட்டுல இருந்த காரையே வித்துட்டார். இப்ப ஞாயித்துக்கிழமை போன் வந்தாக்கூட எடுக்கறதில்ல.”

வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டுமே என்று அக்கா கணினியைப் போட்டு அந்த விளையாட்டைத் திறந்தார். நொடிக்குப் பதினெட்டு படம். பதறிப்போய் அலமாரியிலிருந்து பழையதை இறக்கி ஓட்டினார். நாற்பத்தைந்து. புதியதில் இருந்த இரண்டு கோரும் தனித்தனியே மந்தம். விளையாட்டோ ஒன்றைத்தான் கூப்பிட்டது.

“கை இல்லக்கா. பெட்டிதான்” என்றார் டிரைவரின் மனைவியிடம்.

அன்றே இரண்டு கணினிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். டிரைவர் முதலில் நாற்காலியில் உட்காரவே மறுத்தார். மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பழைய கணினியில் டிரைவர் ஒரு சுற்று ஓட்டினார். சுவரில் முட்டவில்லை. இன்னொரு சுற்று. அதிலும் முட்டவில்லை. நேரம், அவர் எப்போதும் எடுக்கும் அதே நேரம்.

“என் தப்புண்ணே. ஓட்டிப் பாக்காம குடுத்துட்டேன்.”

அவர் திட்டவில்லை. “நான்தான் முடிஞ்சிட்டேன்னு நினைச்சேன்மா” என்றார்.

அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், பழையதை இனிச் சத்தம் போடாதபடி சரிசெய்து கொடுத்தார். ஆனால் மகளுக்கு அதற்குள் ஞாயிறு ஷிஃப்ட் வந்துவிட்டது. மாதத்தில் ஒருநாள்தான் இப்போது பந்தயம். “அந்த எட்டு மாசத்த நான் எங்கேருந்துங்க எடுத்துக் குடுக்கறது?” என்று என்னிடம் கேட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் தபால் அலுவலக எழுத்தர் ஒருவர் வந்தார். பழைய விமான விளையாட்டு ஒன்றின் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா இரண்டு கணினிகளிலும் அதை ஏற்றி, தன் நாற்காலியை விட்டு எழுந்து, “நீங்களே ஓட்டுங்க சார்” என்றார். எழுத்தர் கூச்சத்தோடு உட்கார்ந்தார். விமானம் ஓடுபாதையில் நகர்ந்து மேலெழும்பியது.

அக்கா குனிந்து நின்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை. மவுஸின் மேலிருந்த அந்த எழுத்தரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.