ஒற்றைக் காட்டு உளுந்து

என் வீட்டுக்காரர் விதைப்பெட்டியைத் தூக்கிய பிறகுதான் எங்கள் ஊரில் மற்றவர்கள் தூக்குவார்கள். அவர் கேட்டு வாங்கிய பெருமை இல்லை அது. பட்டாளத்தில் இருந்தபோது பனிமலையில் நடந்த சண்டையில் அவருக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. கூட இருந்தவர்கள் போய்விட்டார்கள். இவர் இடது காதை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்படி வந்தவர் கைக்கு ராசி உண்டு என்று ஊர் முடிவு செய்துகொண்டது. முதல் விதையைப் போடச் சொன்னார்கள். பிறகு ஊராட்சித் தலைவருக்கு நிற்கச் சொன்னார்கள், ஜெயித்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று விடிந்ததும் வாசலில் ஆள் நிற்கும். நான் காப்பியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

கரிசல் காட்டில் மழைக்கு முன்பே விதைப்போம். மழை பெய்துவிட்டால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், டிராக்டர் இறங்காது. அதனால் புரட்டாசிக் கடைசியில் காய்ந்த புழுதியில் உளுந்தைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்ப்போம். நல்ல மழை பெய்தால் எல்லாம் ஒன்றாக முளைக்கும். மழையே வராவிட்டாலும் விதை மண்ணுக்குள் கெடாமல் கிடக்கும். அரை மழைதான் ஆளைக் கொல்லும். விதையை ஊறவைத்து, முளையை வெளியே இழுத்துவிட்டு, அது போய்விடும்.

அந்த வருஷம் வடகிழக்கில் தொடர்ந்து மின்னல் வெட்டியது. அவர் விதைத்தார். ஊரும் விதைத்தது. ஒரு சாயங்காலம் தூறல் விழுந்தது, மண் வாசனை வந்தது, அதோடு நின்றுவிட்டது. பிறகு அடித்தது வெயில். அவர் விரலால் மண்ணைக் கிளறி உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். முளை கறுத்துச் சுருண்டு நூலாகக் கிடந்தது.

அடுத்து வந்த ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து ஒருவர் சொன்னார்: "தலைவரு கையெழுத்து மட்டும் போடட்டும். வெதய நாங்க பாத்துக்கிடுதோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அது இவருடைய கேட்காத காதுப் பக்கம். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்: "என்னட்டி சொல்லிச் சிரிச்சாவ?"

"தெருவிளக்கப் பத்தி என்னமோ சொன்னாவ."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

ஐப்பசி பாதியில் உண்மையான மழை வந்தது. கோவில்பட்டிக்குப் போய் விதை வாங்கி இன்னொரு தரம் மண்ணில் கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. காட்டை அப்படியே போட்டுவிட்டுக் காலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் நீல டிரம்மில் கொஞ்சம் உளுந்து இருந்தது.

"அது திங்கதுக்கும் சேத்து வச்சது" என்றேன்.

"ரேசன் பருப்பு போதும். இத இப்பப் பங்கு வச்சா வீட்டுக்கு ரெண்டு கை வராது. போட்டு எடுத்தா, என் கையப் பாத்து வெதச்ச எல்லாருக்கும் வெத கொடுத்துரலாம். அடுத்த புரட்டாசிக்கு ஒருத்தனும் வெறுங்கையா நிக்கக் கூடாது."

அன்றிலிருந்து அவர் வாயில் அந்த ஒரே பேச்சுதான்.

மண் இறுகினதும் விதைத்தோம். முளைத்தது. கொஞ்ச நாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் மயில் வந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைப்பது வழக்கம். தின்கிற பிராணிகள் எல்லார் காட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும், யாருக்கும் பெரிய நஷ்டம் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே செய்து வந்ததால் அதன் காரணம் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சுற்றிலும் கறுப்பாகக் கிடந்த நிலத்தில் எங்கள் காடு மட்டும் பச்சை. ஓடையில் இருந்த சீமைக்கருவேல் புதருக்குள்ளிருந்து மயில், முயல், மான் எல்லாம் எங்களிடம் வந்தன. கடைசியில் பன்றித் தடமும் தெரிந்தது.

அவர் காட்டிலேயே கட்டில் போட்டுவிட்டார். பகலெல்லாம் தகர டின்னைத் தட்டுவார். ஊராட்சி வேலையும் வரப்புக்கு வந்துவிட்டது.

"தலைவரே, தெக்குத் தெருவுக்கு மூணு நாளாத் தண்ணி வரல."

"மொதல்ல அந்த மயில வெரட்டு. பொறவு பேசுவோம்."

வந்தவர் மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மயிலை விரட்டப் போவார்.

பன்றிக்கு எங்கள் பக்கத்தில் வெடி போடுவார்கள். அடுத்த காட்டுக்காரர் இவரை மச்சான் என்று கூப்பிடுகிறவர். அவரும் இவரைப் பார்த்து விதைத்து ஏமாந்தவர்தான். ஒரு கட்டு வெடி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"பத்த வச்சு எறிங்க மச்சான், பன்னி அந்தாலப் போயிரும்."

"என் காட்டுல வெடி வேண்டாம்."

"பட்டாளத்துக்காரருக்கு வெடின்னா பயமாக்கும்."

இவர் டின்னை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு, கேட்கிற காதைத் தலையணையில் அமுக்கிப் படுத்திருப்பவர் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

காய் கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் நின்றால் போதும். ஒரு நாள் காலை நான் தூக்குவாளியில் காப்பியோடு போனபோது, தூரத்திலேயே காட்டின் மேல் கொக்குகள் இறங்கி ஏறுவதைப் பார்த்தேன். கிளறிய மண்ணில்தான் கொக்கு இறங்கும். கிட்டே போனால் கலப்பை ஓட்டினதுபோல் காடு புரண்டு கிடந்தது. அவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"வலது காத கீழ வச்சுப் படுத்துட்டேன் போல" என்றார்.

அவ்வளவுதான். பிறகு வரப்பில் உட்கார்ந்தார். காப்பியை வாங்கவில்லை. காட்டு மூலையில் இருந்த கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பூச்சிமருந்து டப்பா இருந்தது. அவர் சும்மா பார்த்திருக்கலாம். நான் போய் அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தேன். நடந்தேனா ஓடினேனா என்று சொல்லத் தெரியவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் வேன் நின்றிருந்தது. பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். நான் வேனுக்கு முன்னால் போய் நின்றேன். டிரைவர் ஆரன் அடித்தார்.

"பன்னி கிண்டிட்டு" என்றேன். "மிச்சம் கெடக்கதப் பெறக்கணும். அவிய உங்க வெதைக்குத்தான் அதப் போட்டாவ. அங்கன தனியா இருக்காவ. வாங்க."

ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஏ மைனி, ஒங்களுக்குப் பேச்சு வருமா?" என்றாள்.

யாரும் அசையவில்லை. பிறகு அடுத்த காட்டுக்காரர் வேனிலிருந்து இறங்கினார். "நட தங்கச்சி, வாரேன்" என்றார். அவருக்குப் பின்னால் கொஞ்சப் பேர் இறங்கினார்கள். மற்றவர்கள் வேனோடு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் சம்பளத்தை விட்டாலும் ஏற்கெனவே மண்ணில் போன உளுந்து திரும்பி வராது.

புரண்ட மண்ணுக்குள் கைவிட்டுக் கொடியை இழுத்து, மிதிபடாத காயை மட்டும் பறித்தோம். காயவைத்து அடித்தபோது ஒரு சாக்கில் பாதிகூட வரவில்லை. அதிலும் நிறைய, முற்றாத சிறு மணி.

"இதப் பங்கு வச்சு ஒருத்தனும் வெதைக்க முடியாது மச்சான். நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார் அடுத்த காட்டுக்காரர்.

இவர் கேட்கவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். இவரைத் தனியாக விட எனக்குப் பயம், கூடவே போனேன். ஓட்டுக் கேட்டுப் போன அதே வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு கை அள்ளிக் கொடுத்தார். சிலர் முந்தியை விரித்து வாங்கினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில் அந்த அம்மா மணியை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது முளைக்காது. அரைக்கத்தான் ஆவும்" என்றார்.

"அரைச்சுக்கோங்க தாயி" என்றார் இவர்.

தெரு முடிவதற்குள் சாக்கு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் சாக்கை உதறி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, மிச்ச வீடுகளுக்கும் போனார். ஒவ்வொரு வாசலிலும் வெறுங்கையோடு நின்று, "ஒங்களுக்கு இன்னும் தரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.