ஐரோப்பாக் காடு

முனீஸ்வரியின் தண்ணீர்க் கேனைப் பார்த்துப் பொறாமைப்படாத பெண் அந்த ஜீப்பில் கிடையாது. போடியிலிருந்து விடியும்போதே கிளம்பி, பதினேழு வளைவும் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப் அது. பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர். மற்றவர்களின் பாட்டில்கள் நாலாவது வளைவிலேயே கசிந்து மடியை நனைத்துவிடும். முனீஸ்வரியுடையது அஞ்சு லிட்டர் வெள்ளைக் கேன். கனத்த பிளாஸ்டிக், சிவப்பு மூடி, பக்கவாட்டில் அச்சாகப் பதித்த வெளிநாட்டு எழுத்து. தலைகீழாகப் போட்டாலும் ஒரு சொட்டுச் சிந்தாது.

கொண்டுவந்து கொடுத்தவன் அவள் புருஷன் அழகுராஜா. அத்தை மகன்தான். அதே தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். பூச்சிமருந்து தீர்ந்துபோன கேன்களை மருந்தடிக்கும் ஆட்களுக்கே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். வெளிநாட்டுச் சரக்கு வந்த கேன் என்றால் அதற்கு அடிபிடிதான். கல்யாணமான புதிதில் ஊரில் உள்ளவன் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவான், அல்வா வாங்கி வருவான். அழகுராஜா கேன் கொண்டுவந்தான். அவளும் பூரித்துத்தான் போனாள். புளி போட்டு, சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றி ஏழு தடவை கழுவினாள். எட்டாம் தடவை மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். வாடை இல்லை. வாடை போனால் விஷமும் போச்சு என்பதுதான் மலைக்குப் போகிற சனங்களின் நினைப்பு. அது அப்படியில்லை என்று யாரும் வந்து சொன்னதும் இல்லை.

ஒன்பது வருஷம் அந்தக் கேனில்தான் தண்ணீர் குடித்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்கி, மூன்றும் நிற்காமல் போயின. முதலாவது இரண்டு மாதம். அடுத்தது நாலு. மூன்றாவது அஞ்சாம் மாதம் வரை வந்து ஆசை காட்டிவிட்டுப் போனது. ஊர் வாய்க்கு உலைமூடியா இருக்கிறது? அவள் ஜாதகம், அவள் நடை, அவள் மரத்தில் ஏறிப் புளி உலுக்கியது என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். சுருளி அருவிக்குப் போய்த் தலைமுழுகி வந்தாள். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள். விரதத்தன்றும் அந்தக் கேன் தண்ணீர்தான்.

போன வருஷம் நாலாவது தடவையாகக் கரு நின்றபோது தோட்டத்தில் ஒரு சங்கதி நடந்தது. ஐரோப்பாவுக்குப் போன ஏலக்காய் லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. அங்கே மிசினில் போட்டுப் பார்த்தார்களாம். காயில் பூச்சிமருந்து இருந்ததாம். கடுகளவுகூட இல்லை, கடுகில் லட்சத்தில் ஒரு பங்கு என்றார்கள். அதுவும் ஆகாதாம். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எழுந்து ஒரு வேலை செய்தார். ஓடைக்கு மேலே எட்டு ஏக்கரைத் தனியாக வேலிகட்டிப் பிரித்தார். அதில் சொட்டு மருந்து விழக்கூடாது. மற்றக் காட்டில் வேலை செய்த துணியோடு உள்ளே போகக்கூடாது. வாசலில் சோப்பு, குழாய், மாற்றுச் செருப்பு. அந்த எட்டு ஏக்கர் காய் மட்டும் ஐரோப்பாவுக்கு. மீதி எல்லாம் நம் ஊர்ப் பாயசத்துக்கு. சனங்கள் அதற்கு ஐரோப்பாக் காடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முனீஸ்வரிக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்புதான். ஆனால் காய்க்கு ஆகாதது பிள்ளைக்கு மட்டும் ஆகுமா என்று யோசிக்க அது போதும். கங்காணி ராக்கையாவிடம் போய் நின்றாள்.

“அண்ணே, என்னைய அந்தக் காட்டுக்கு மாத்தி விடுங்கண்ணே. இந்த ஒரு தடவ மட்டும்.”

“ஏத்தா, அங்கன பத்துப் பேருக்குத்தான் சோலி. ஆளாளுக்கு வந்து நின்னா நான் எங்குட்டுப் போவேன்?”

“மருந்து வாடைக்கு எனக்குக் கொமட்டுதுண்ணே. மூணு போயிருச்சு. ஒங்களுக்குத் தெரியாததா?”

ராக்கையா கெட்டவர் இல்லை. வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம். செடியின் தூரில் ஓடும் சரத்தில் பிஞ்சைத் தொடாமல் பழுத்த காயை மட்டும் கிள்ளுவதில் முனீஸ்வரி கைக்கு ஈடு அந்த மலையில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாளே மாற்றிவிட்டார். “ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தம்பிள்ள தானா வளரும்னு சொல்லுவாக. அந்த வெள்ளக்காரப் புள்ளைகளுக்குச் சுத்தமாக் காய் எடுத்துக் குடு, ஒம் புள்ள நல்லா வரும்” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அஞ்சாம் மாதம் தாண்டியது. ஆறும் தாண்டியது. பிள்ளை உதைத்தது. குனிந்து காய் எடுக்கும்போது உதைத்தால் சரத்தை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொள்வாள். ஜீப்பில் பக்கத்தில் உட்காரும் பொற்கொடி, புதிதாகக் கல்யாணம் ஆனவள், “அக்கா, ஒரு தடவ நானும் தொட்டுப் பாக்கவா?” என்று கெஞ்சுவாள். ஐரோப்பாக் காட்டின் வாசலில் முனீஸ்வரி கை கழுவுவாள், கால் கழுவுவாள், செருப்பு மாற்றுவாள். இடுப்பில் கேன் மட்டும் கூடவே போகும். தண்ணீர்க் கேனை யார் சந்தேகப்படுவார்கள்?

ஏழாம் மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா காட்டைப் பார்க்க வந்தாள். மொழிபெயர்த்துச் சொல்லத் தேனியிலிருந்து சுஜாதா என்ற பெண் வந்திருந்தாள். வெள்ளைக்கார அம்மா போனில் படம் காட்டினாள்: அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏலக்காய் போட்ட பன்னைக் கன்னம் உப்பத் தின்றுகொண்டிருந்தார்கள். முனீஸ்வரிக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்துப்போயிற்று. வெயிலில் வந்த விருந்தாளி ஆயிற்றே என்று கேனை நீட்டினாள்.

அந்த அம்மா கேனைக் கையில் வாங்கினாள். எழுத்தைப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. திரும்பப் படித்துவிட்டு சுஜாதாவிடம் படபடவென்று ஏதோ சொன்னாள்.

“அக்கா, இதுல இனிமே குடிக்காதீங்க” என்றாள் சுஜாதா. “இந்த மருந்த அவங்க நாட்டுல அடிக்கவே கூடாதாம். தடை பண்ணிப் பத்து வருசமாச்சாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாதுன்னுதான் தடையாம். இத செய்யிற பேக்டரி அவங்க வீட்டுலருந்து ரெண்டு மணி நேரம் ரயில்ல போனா வந்துருமாம்.”

முனீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. “ஆகாதுன்னா எதுக்குத் தாயி செய்யிறாக?”

அதற்கு அந்த அம்மா நெடுநேரம் பதில் சொன்னாள். அங்கே அடிக்கத்தான் கூடாது. செய்து வெளியே அனுப்பலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அந்த பேக்டரியை நம்பி ஆயிரம் குடும்பம் இருக்கிறதாம். அனுப்புவதையும் நிறுத்துவோம் என்று ஆள்கிறவர்கள் ஒரு தடவை வாக்குக் கொடுத்தார்களாம். அதற்குள் அந்த ஊர் விவசாயிகள் இந்தச் சட்டம் அந்தச் சட்டம் என்று எங்கள் கழுத்தை நெரிக்கிறீர்களே என்று டிராக்டரை நகரத்துக்குள் ஓட்டிவந்து ரோட்டை மறித்தார்களாம். தேர்தலும் வந்ததாம். சத்தமாகப் பேசியவர்களுக்கு ஓட்டு விழுந்ததாம். வாக்கு அப்படியே கிடக்கிறதாம். சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

டிராக்டர் முனீஸ்வரிக்குப் புரிந்தது. ஓட்டு புரிந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் நன்றாகவே புரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று தெரிந்தே கப்பலேற்றி அனுப்பினார்கள் என்பதுதான் புரியவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பது நம் ஊர்ப் பேச்சு. தனக்கு ஆகாததைத் தானம் பண்ணுகிறவர்களை அவள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

விருந்தாளிகள் போன பிறகு ராக்கையா அவளைத் தனியே கூப்பிட்டார். “ஆத்தா, இந்தப் பேச்ச ஜீப்புல கொண்டுபோய் வச்சுக்கிட்டு இருக்காத. மருந்துக் கேன் உள்ள போச்சுன்னு மொதலாளி காதுக்குப் போனா காட்டையே மூடிருவாரு. ஒனக்கும் இந்த எடம் இருக்காது. இன்னும் ரெண்டு மாசம், பல்லக் கடிச்சுக்க.”

பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அவள் செய்தது. வேறு எவள்தான் செய்யமாட்டாள்? கேனைக் கொல்லையில் தூக்கிப் போட்டுவிட்டு சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுபோனாள். இதற்குள் பொற்கொடியும் மாசமாக இருந்தாள். அவள் புருஷனும் மருந்தடிக்கிறவன்தான். அவளிடமும் ஒரு வெள்ளைக் கேன் வந்து சேர்ந்திருந்தது. வளைவு ஏறும்போது அவள் அண்ணாந்து மடக்மடக்கென்று குடிப்பாள். முனீஸ்வரி பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இப்போது ஏதாவது சொன்னால் காடு போய்விடும், காடு போனால் பிள்ளை போய்விடும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை பிள்ளை உதைக்கவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பவே இல்லை. உயிரில்லாமல் பிறந்தது பெண்பிள்ளை. தலை நிறைய முடி. காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்றார் டாக்டர். அவரால் சொல்ல முடியாது, சரிதான். முனீஸ்வரிக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அழகுராஜா பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் ஆற்றோரம் புதைத்து, பாலூற்றி வந்தான். வந்தவன் கொல்லைக்குப் போய் அந்தக் கேனைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவள் சன்னல் வழியாக அவனைப் பார்த்தாள்.

பாவி உடம்புக்கு எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை வைத்து மாரோடு துணி சுற்றிக் கட்டினார்கள். கல்யாணத்தன்று தலையில் வைத்ததைவிட அதிகப் பூ. அந்த வாசத்தோடு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதுதான் ராக்கையா லட்டுப் பெட்டியோடு வந்தார். துக்க வீட்டுக்கு இனிப்போடு வந்துவிட்டோமே என்று வாசலில் கூச்சப்பட்டார். தோட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தார்களாம். அவள் எடுத்த காயாயிற்றே என்று மனசு கேட்கவில்லையாம்.

“நம்ம லோடு பாசாயிருச்சு ஆத்தா. மிசின்ல போட்டுப் பாத்தாகளாம். ஒரு துளி மருந்து இல்லையாம்.”

முனீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். “அந்தப் புள்ளைக நல்லா இருக்கட்டும்ண்ணே” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதாள். ராக்கையா பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாற்பது நாள் கழித்து மறுபடி ஜீப் ஏறினாள். அழகுராஜா பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான். உள்ளே எண்ணிப் பார்த்தாள்: ஆறு கேன் இருந்தது, ஆறும் அதே வெள்ளை, அதே சிவப்பு மூடி. பொற்கொடிக்கு வயிறு லேசாகத் தெரிந்தது. முனீஸ்வரி முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல், மூடியைத் திருகி, “கொஞ்சம் தண்ணி குடிங்கக்கா” என்று நீட்டினாள்.

முனீஸ்வரி வாங்கி, ஜீப்புக்கு வெளியே கவிழ்த்தாள். அஞ்சு லிட்டரும் ரோட்டில் கொட்டியது. ஒன்பதாவது வளைவில் கேனையும் பள்ளத்தில் வீசினாள்.

“ஏக்கா! புதுக் கேனுக்கா! ஏங்க்கா இப்பிடிப் பண்ற?” பொற்கொடிக்கு அழுகை வந்துவிட்டது.

“எம்புள்ள இந்தக் கேன்லதான்டி போச்சு. நாலும் இதுலதான் போச்சு. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு. நீ குடிக்கக் குடிக்கப் பாத்துக்கிட்டுத்தான்டி இருந்தேன்.”

பொற்கொடி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பின்படியில் நின்ற அழகுராஜா கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். அவனுக்கு அன்றைக்கும் மருந்தடிப்புத்தான்.