பேக்கரி அமோனியாவும் நாலு நிக்கல் தகடுகளும்

1. காணாமல் போன பொடி

டின்னைத் திறந்தபோது பொடி பாதிகூட இல்லை. சித்திரை வெயிலில் மூன்று நாள் லீவு முடிந்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் இருந்த எங்கள் பட்டறையைத் திறந்த காலை அது. ஷெட்டுக்குள் நெடியில் கண் எரிந்தது. கடைசியாக அந்த டின்னை மூடியவள் நான்தான். சரியாகத் திருகாமல் போயிருந்தேன்.

நாங்கள் செய்தது ஃபியூயல் செல்லுக்கான நிக்கல் தகடு. ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கொடுத்தால் கரண்ட் தரும் பெட்டிதான் ஃபியூயல் செல். வாயு உள்ளே நுழைய வேண்டும் என்பதால் அதன் தகடு முழுக்க நுண்துளைகள் இருக்க வேண்டும். நிக்கல் பவுடரில் அமோனியம் பைகார்பனேட் பொடியைக் கலந்து, நிக்கல் வலைமேல் பரப்பி, பிரஸ்ஸில் அழுத்துவோம். மெதுவாகச் சூடாக்கினால் அந்தப் பொடி வாயுவாகிப் போய்விடும். அது இருந்த இடமெல்லாம் துளை. பிறகு ஃபர்னஸில் சின்டரிங், அதாவது நிக்கல் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்வரை சுடுவது. சூடு பட்டால் போய்விடுவது அந்தப் பொடியின் குணம். டின்னுக்குள்ளும் அதுதான் நடந்திருந்தது.

மறுநாள் காலை நாவலூரிலிருந்து கஸ்டமர் வந்து நாலு தகடு வாங்கிப் போவதாக ஏற்பாடு. டின்னில் மிஞ்சியது அதற்குப் போதாது. எங்கள் தகடு பிடித்துப்போனால்தான் ஆர்டர். வேறு ஆர்டர் கையில் இல்லை. பட்டறையில் ஆறு பேர் இருந்தோம்.

முதலாளி ராமலிங்கம் சார் திருநெல்வேலிக்காரர். அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பட்டறை தொடங்கியவர். டின்னை எட்டிப் பார்த்தார்.

"யாரு எடுத்தா? வாட்ச்மேனைக் கூப்பிடு."

நான் முன்னால் வந்தேன். "யாரும் எடுக்கல சார். நான்தான் மூடிய லூசா வுட்டுட்டுப் போய்ட்டேன். ஆவியாப் பூட்ச்சி."

சார் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "சென்னையில இருந்து வரவழைச்சா நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும், எஸ்தர். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

2. பேக்கரியில்

நான் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் டேவிட் அண்ணன் பேக்கரி. அடுப்பிலிருந்து பிஸ்கெட் ட்ரேயை உருவும்போது எங்கள் ஷெட் நெடியே அங்கேயும் அடிக்கும். அது ஞாபகம் வந்ததும் ஓடினேன்.

"அண்ணாத்த, பிஸ்கெட்டுல இன்னாத்தப் போடுற? மூக்குல குத்துதே."

"அமோனியா. அது போட்டாத்தான் மொறுமொறுன்னு வரும். ஏன்?"

"அமோனியம் பைகார்பனேட்டா?"

பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். "அப்டித்தான் போட்டுகீது. நீ இன்னா, பிஸ்கெட் கடை தொறக்கப் போறியா?"

"இல்லண்ணாத்த, நிக்கல்ல கலந்து சுடணும்."

"நிக்கல்லியா! அத யாரு துண்றது?"

இரண்டு பாக்கெட்டோடு திரும்பினேன். சார் முகம் சுளித்தார். "பேக்கரி சாமானு சுத்தமா இருக்குமா?"

"மனுசன் துண்றதுல போடறது சார். இத வுட சுத்தமா இன்னா வோணும்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் இன்ஜினியர் இன்ஜினியர்தான். ஒரு ஸ்பூன் எடுத்து ஹாட் பிளேட்டில் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வெள்ளைப் பொடி சுருங்கிச் சுருங்கி மறைந்தது. அடியில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. "சரி, ஆரம்பிங்க" என்றார்.

பொடி கொஞ்சம் பெருவெட்டு. அப்படியே போட்டால் துளை பெரிதாகிவிடும். மிக்சியில் அரைத்தால் அந்தச் சூட்டிலேயே பாதி போய்விடும். அதனால் கல்வத்தில் கையாலேயே பொடித்துச் சலித்தேன், தோள் விட்டுப்போனது. ஒன்று கெட்டாலும் இருக்கட்டும் என்று ஐந்து தகடாக அழுத்தி ஃபர்னஸில் வைத்தோம்.

மறுநாள் காலை எடுத்து, தகட்டை ஸ்பிரிட்டில் அமிழ்த்திப் பின்னாலிருந்து காற்றுக் கொடுத்தோம். துளை எப்படியோ குமிழியும் அப்படி. முதல் தகட்டில் ஒரு மூலையில் மட்டும் பெரிய குமிழி. அது போச்சு. மற்ற நாலிலும் சோடா பொங்குவதுபோல் பொடிப்பொடியாக, சீராக வந்தது. நான் கைதட்டினேன், ஷெட்டே தட்டியது.

தகடு வாங்க வந்த கஸ்டமர் கம்பெனி இன்ஜினியர் நித்யாவிடம் சார் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள். "பேட்ச் நம்பர் பக்கத்துல பேக்கரின்னே எழுதிக்கறேன் சார். ஓடுதான்னு பார்ப்போம்."

3. மூன்றாம் நாள்

தகடு வாங்கிப் போன மூன்றாம் நாள், அதற்குத் தங்கள் கம்பெனியின் வினையூக்கிப் பூச்சு கொடுத்து, செல்லாகக் கோத்து, நித்யா அதைக் காரிலேயே கொண்டுவந்தாள். கூடவே வாயு சிலிண்டர்களும் ஒரு குட்டி ஃபேனும். விஷயம் கேள்விப்பட்டு டேவிட் அண்ணனும் மாவுக் கையோடு வந்து நின்றார்.

"அக்கா, நீங்களே வால்வைத் திறங்க" என்றாள்.

திறந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஃபேன் ஒரு தடவை உதறி, சுற்ற ஆரம்பித்தது. அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம்வரை வோல்டேஜ் இறங்கவில்லை. "ஆர்டர் உங்களுக்குத்தான் சார்" என்றாள்.

"என் அமோனியாவுலயா சுத்துது?" என்றார் டேவிட் அண்ணன். சார் அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஃபேனுக்கு முன்னால் முகத்தை நீட்டினார். "அதெல்லாம் சர்தான் சார். காத்து நல்லா வருது."

அதற்குப் பிறகு எத்தனையோ பேட்ச் போட்டோம், எத்தனையோ தவறும் செய்தோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் தவறைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சரிசெய்ய ஒரு முழுப் பகல் கையில் இருக்கும்.