டீச்சர் அனுப்பிவைத்தவர்கள்

பரமேஸ்வரி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கேகாலையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கலாசார விழாவுக்கு வரும் பிரதம விருந்தினருக்கு மாலை போடுவது யார், வெற்றிலை கொடுப்பது யார் என்று முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். கைபேசி அதிர்ந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டோலக் அடிக்கும் சின்னராசு அண்ணன். "சார், டீச்சர் போயிருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு காலையில கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிருச்சு." நான் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். மாலை விஷயம் முடிந்த பிறகுதான் கிளம்பினேன். இந்தக் கட்டுரையில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் வரப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரணியகலைக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்தின் பள்ளிக்கூடத்தில் அவர் பதினைந்து வருடம் படிப்பித்தார். நாற்பத்து மூன்று வயது. ஒவ்வொரு மாசியிலும் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். ரதியும் மதனும் ஆடுவது ஆண்கள். ஆனால் ஆட்டம் நடக்கிறதா இல்லையா என்பது டீச்சர் கையில் இருந்தது. மைதானத்துக்குத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி, ஆடுகிறவர்களுக்கு அரை நாள் லீவு, அப்போது யுத்த காலமாதலால் பொலிசுக்குக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு குடையோடு அவரே நடப்பார். ஒரு வருடம் துரை மைதானம் தர மாட்டேன் என்றார். டீச்சர் வாக்குவாதம் செய்யவில்லை. "சரிங்க சார், அப்ப உங்க பங்களா வாசல்லயே ஆடிக்கிறோம், நீங்களும் பாத்த மாதிரி இருக்கும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நின்றாராம். மைதானம் கிடைத்தது. கூத்துக்காரர்கள் அவரை "எங்க மெனேஜர்" என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். அதில் கேலி குறைவு.

கொழும்பில் கலை நிர்வாகத்துக்கு முதுகலை வகுப்பு தொடங்கியபோது நானும் அவரும் ஒன்றாகவே சேர்ந்தோம். சனிக்கிழமை வகுப்பு. விடியற்காலை பஸ்ஸில் தெரணியகலையிலிருந்து அவிசாவளை, அங்கிருந்து கொழும்பு. அவருக்கு இந்தப் படிப்பு எதற்கு என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் பகுதிக்குத் தமிழ் பேசும் கலாசார உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்கப் போகிறார்கள், இந்தப் பட்டம் இருப்பவருக்கே முதலிடம் என்று கேள்விப்பட்டிருந்தார். "கெஞ்சிக் கெஞ்சி எனக்குக் குடையே தேஞ்சிருச்சு தம்பி. கையெழுத்துப் போடற நாற்காலியில நம்ம ஆளு ஒருத்தர் உக்காரணும்" என்பார்.

முதல் நாள் விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் எழுப்பி, எந்த நிறுவனத்தை நிர்வகிக்கிறீர்கள் என்று கேட்டார். ஓவியக் கூடம், நாடக அரங்கு, நடனப் பள்ளி என்று பதில்கள் வந்தன. டீச்சர் எழுந்து, "காமன் கூத்து. துரை, கங்காணி, பொலிஸ், மழை, இந்த நாலு பேரும்தான் எங்க நிர்வாக சபை" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் முறை வந்தபோது, ஊர் அவிசாவளை என்று சொன்னேன். தோட்டம் என்று சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவர் அதைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்விதான்: "அவிசாவளையில எந்தப் பக்கம் தம்பி, பஸ் ஸ்டாண்டா?"

இரண்டாம் வருடம் செயல்முறைப் பரீட்சை. இருவர் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைக் கொழும்பு மண்டபத்தில் நடத்திக் காட்ட வேண்டும். கூத்தைக் கொண்டுவரலாம் என்றது நான்தான். அதில் பெருமை எதுவும் இல்லை. அந்த வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத சரக்கு அது. இருபது நிமிடத்துக்குச் சுருக்கச் சொன்னேன். சுருக்க ஒத்துக்கொண்டார், ஆனால் காப்புக் கட்டாமல் ரதி மதன் ஆட மாட்டார்கள், காப்புக் கட்டினால் ஆடி முடிக்கும்வரை ஆடுகிறவர்கள் சாப்பிட மாட்டார்கள், அதற்கேற்ப நேரத்தை வை என்றார். வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆட்கள், உடுப்பு, வேன் எல்லாம் அவர். பொலிஸ் அனுமதிக்கு ஆடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அனுப்புவது நான்.

தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு பெயர். தாய் தகப்பன் வைத்துக் கூப்பிடுவது ஒன்று. தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் பதிந்தது இன்னொன்று. அடையாள அட்டையில் இருப்பது கிளாக்கர் பதிந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆளே திரும்பிப் பார்க்க மாட்டார். டீச்சர் சொன்னார்: "லயத்து வீடுகளுக்கு வந்து ஒவ்வொருத்தர் அட்டையையும் கையில வாங்கிப் பாத்து எழுது. ஒரு அந்தி வந்தாப் போதும்."

நான் போகவில்லை. என் அப்பா கொழுந்து நிறுத்துக் கொடுத்த இடத்தில், நான் கால்சட்டை கிழிந்து ஓடின லயத்தில், சப்பாத்தும் கோப்புமாகப் போய் நிற்க எனக்குக் கூச்சம். பிறந்ததிலிருந்து தெரிந்த ஆட்கள், பெயர் தெரியாதா என்ற திமிர் வேறு. சின்னராசு, குட்டி, மணியம் என்று டவுனில் என் வாடகை அறையிலிருந்தே பதினொரு பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். டீச்சர் கேட்டபோது, "பாத்துதான் எழுதினேன்" என்றேன்.

கொழும்புக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடியில் எங்கள் வேனை நிறுத்தினார்கள். பட்டியலில் சின்னராசு. அட்டையில் வேலு கருப்பையா. பட்டியலில் குட்டி. அட்டையில் பெருமாள் யோகராஜா. பதினொரு தமிழர்கள், பதினொரு பொய்ப் பெயர்கள். அந்தக் காலத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று எழுத வேண்டியதில்லை. எல்லோரையும் இறக்கி வரிசையில் குந்தவைத்தார்கள். டோலக்கின் தோலைக் கத்தியால் கிழித்து உள்ளே பார்த்தார்கள். நான் என் பல்கலைக்கழக அட்டையைக் காட்டி நல்ல சிங்களத்தில் பேசினேன். அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, இவர்கள் உன் ஆட்களா என்று கேட்டார்.

"நே சேர்" என்றேன்.

இல்லை என்று சொன்னதும் என்னைப் போகச் சொன்னார்கள். மண்டபத்தில் பரீட்சகர்கள் காத்திருக்கிறார்கள், போய் விளக்கி உதவி கேட்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். அவரிடமும் பல்கலைக்கழக அட்டை இருந்தது, அவரையும் போகலாம் என்றார்கள். அவர் அந்த வரிசையின் கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினார். "நீ போ" என்றார்.

மண்டபத்தில் உதவி கேட்கவில்லை. கேட்டால் பட்டியல் விஷயம் வெளியே வரும். கூத்துப் படங்களைத் திரையில் காட்டி இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். செயல்முறை அறிக்கையில், ஆவணப் பொறுப்பு என்ற இடத்தில் டீச்சரின் பெயரை எழுதினேன். கலைஞர்கள் உரிய ஆவணங்களுடன் வரத் தவறியதால் ஆற்றுகை நிகழவில்லை என்றும் எழுதினேன். எனக்கு அதிவிசேட சித்தி, முதல் தரத் தேர்ச்சி. அவருக்கு, சமூகமளிக்கவில்லை.

பின்னேரம் நான்கு மணிக்கு அவர்களை விட்டிருக்கிறார்கள். காப்பை அவிழ்க்க ஆடி முடிக்க வேண்டும். பட்டினியோடு வேனில் தோட்டத்துக்குத் திரும்பி, கிழிந்த டோலக்கை வைத்துவிட்டுத் தப்பை மட்டும் அடித்து, அன்று இரவே மைதானத்தில் ஆடி முடித்த பிறகே சோறு தின்றார்களாம். பார்க்க வந்தவர் கொஞ்சம் பேர். முழுவதும் ஆடவைத்தது டீச்சர். இருபது நிமிடம் அல்ல, முழுவதும்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் என் அறிக்கையை வாங்கிப் படித்தார். அவிசாவளை வந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "நீ பொய் எழுதினதுகூடப் பெருசில்ல. நல்லா எழுதியிருக்க பாரு, நானே நம்பிட்டேன். அதுதான் பொறுக்கல." அடுத்த வருடம் செயல்முறையை மறுபடி செய்திருக்கலாம். "அந்த ஆளுகள இன்னொருதரம் வேன்ல ஏறுங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல" என்று படிப்பை விட்டுவிட்டார். விரிவுரையாளரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்து நிம்மதியானேன். அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

அதன் பிறகு தோட்டங்களிலிருந்து ஆட்கள் என் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். கூத்துக்கு அனுமதி, தப்புக்குத் தோல், பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு மேடை. "டீச்சர் அனுப்பிச்சாங்க" என்பார்கள். மறுப்பே சொன்னதில்லை. நல்ல உத்தியோகத்தர் என்று பெயர் எடுத்தேன். அதை நானும் நம்பினேன்.

டீச்சரின் பிரேதம் லயத்து வாசலில் கிடந்தபோது, உத்தியோகத்தர் என்பதால் என்னை முன்னால் விட்டார்கள். மலர்வளையத்தோடு நின்ற எனக்கு அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. சின்னராசு அண்ணனைத் துணி காயப்போடும் கொடிக்கம்பிப் பக்கம் கூப்பிட்டு, அன்றைக்கு அட்டைகளைப் பார்க்காமல் பட்டியல் எழுதினது நான்தான் என்று சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தெரியுங்க சார்."

"யார் சொன்னா?"

"டீச்சர்தான். வேன்லயே சொல்லிருச்சு. நாங்க எல்லாரும் உங்கள உதைக்கணும்னு நின்னோம். படிப்ப விட்டப்ப டீச்சர்தான், 'உதைச்சா ஒரு நாளோட போயிரும். அவன் நாற்காலியில உக்காரட்டும். ஒண்ணு வேணும்னா போய் முன்னால நில்லுங்க. முடியாதுன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது'ன்னுச்சு. அதான் சார் வந்தோம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. என் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற ஒவ்வொருவருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் என்னை நல்லவன் என்று நினைத்திருக்கிறேன். ஓட்டைக் குடையும் நாலு பேர் நிர்வாக சபையும் வைத்துக் கூத்து நடத்தியவர், கடைசியில் என் வெட்கத்தை வைத்து ஒரு அலுவலகத்தையே நடத்தியிருக்கிறார்.

அறிக்கையில் உள்ளது பொய் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். இறந்தவருக்குப் பட்டம் கொடுக்க விதி இல்லை என்பார்கள். என் பட்டத்தைப் பறிக்க விதி இருக்கும், அதையாவது செய்யட்டும். அதுவரை இந்த நாற்காலியில் இருக்கிறேன்.

மாசி வருகிறது. திங்கட்கிழமை குட்டி, அட்டையில் பெருமாள் யோகராஜா, கூத்து அனுமதி விண்ணப்பத்தோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் வாசித்து முடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தும்வரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீச்சர், அவர்களை நீங்கள் அனுப்பிக்கொண்டே இருங்கள்.