பஸ் நிற்கும் இடத்துச் சுவர்

உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருக்கும் வெறும் சுவரை உற்றுப் பார்க்கிறார் ஜெபீனா. பஸ் கிளம்பியதும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்புகிறார். இன்று இது மூன்றாவது தடவை. "இன்னாம்மா, பஸ்ஸ வாடகைக்கு எடுத்துக்கினியா?" என்கிறார் கண்டக்டர். "செவுத்தப் படிச்சிக்கினு இருக்கேண்ணே" என்று பதில் வருகிறது. சுவரில் இன்னும் ஓர் எழுத்துகூட இல்லை.

ஜெபீனாவுக்கு முப்பத்தாறு வயது. கடைப் பலகையும் நம்பர் பிளேட்டும் எழுதுவது தொழில். தாடையில் எப்போதும் ஒரு சொட்டு பெயின்ட் இருக்கும். சுட்டிக்காட்டினால், "அது நகை, வுடுங்க" என்பார்.

பதினெட்டு வயதில், தியாகதுருகத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒருவன் அவரிடம் அத்துமீறினான். வீட்டில் சொன்னார். மறுநாளே படிப்பு நின்றது. அவன் அதே பஸ்ஸில் போய்வந்துகொண்டுதான் இருந்தான்.

பஸ்ஸில் இருப்பவர்கள் படிக்கும்படி அந்தச் சுவரில் அவர் எழுதப்போவது அவனைப் பற்றியல்ல. "அவன் செஞ்சத எழுதுனா, எவனோ ஒரு பொறுக்கின்னு படிச்சிட்டுப் பூடுவாங்க. அதுக்கப்புறம் நம்ம வூட்டுல இன்னா சொன்னாங்களோ, அத்த எழுதப் போறேன்." தந்தையின் பெயின்ட் கடைக்கு வரும் பெண்களிடமும், களமருதூரில் நாற்று நடுபவர்களிடமும் ஆறு மாதமாகக் கேட்டு நாற்பத்தொரு வாக்கியங்கள் சேர்த்திருக்கிறார். 'நீ இன்னாத்துக்குச் சிரிச்ச?' 'வெளிய சொல்லாத, தங்கச்சிக்கு வரன் வராது.' 'ஆம்பளன்னா அப்பிடித்தான்.' யார் யாரிடம் சொன்னது என்று எங்கும் இருக்காது. மனசு மாறிய இரண்டு பெண்களுக்காக இரண்டு வரிகளை, ஏன் என்று கேட்காமல் எடுத்துவிட்டார்.

சுவர், உரக்கடை செல்லமுத்துவுடையது. "பெண்மையைப் போற்றுவோம்னு எழுதி ரெண்டு பூ போடும்மா" என்றார் அவர். ஜெபீனா வாதாடவில்லை. பட்டியலை நீட்டினார். "உங்க வூட்டுல யாருமே சொல்லாததுன்னு எது எதுவோ, அத்த அடிச்சிக் குடுங்கண்ணே. எடுத்துடறேன்." நான்காம் நாள் பட்டியல் திரும்பி வந்தது. மடிப்புகளில் அழுக்கேறியிருந்தது. ஒரு வரியும் அடிபடவில்லை.

இதை எழுதுவதற்காக நான் போயிருந்த அன்று, அவருடைய தந்தை ஜாபரின் கடை மேசையில் சுவரின் வரைபடம் விரிந்து கிடந்தது. முதல் வரி: 'நாளையிலருந்து காலேஜ் வேணாம்.' ஜாபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் சொன்னது."

"ஆமா அத்தா. வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"எடுக்காத. கீழ என் பேரப் போடு."

"பேரு யாருக்குமே போடலத்தா."

"மத்தவங்க வேற. சொன்னவன் ஒருத்தனாவது, நான்தான் சொன்னேன்னு நிக்கட்டும்." மகள் பக்கம் திரும்பினார். "என் பேரு வந்தா, அந்தப் பொண்ணு நீதான்னு ஊருக்கே தெரிஞ்சிடும். உனக்குப் பரவால்லியா?"

ஜெபீனா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஜாபர் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதி முடித்தார். மேசையில் கிடந்த ரப்பரை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார் ஜெபீனா.