அம்மாவோடு பிறந்த ஆண்கள்

1. ஒரே வீட்டில் இரண்டு காய்ச்சல்

நிதிஷ் என்ற ஆறு வயதுப் பையனை எங்கள் குழந்தைகள் வார்டில் சேர்த்தபோது டெங்கு என்றுதான் நினைத்தோம். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் டெங்கு டெஸ்ட் இரண்டு முறையும் நெகட்டிவ். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு இறுகிப்போயிருந்தது. கடைசியில் ரத்தத்தில் தெரிந்தது, எச்சில் வழியாகப் பரவும் சாதாரண வைரஸ் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் அதை வந்த சுவடு தெரியாமல் கடந்துவிடுவார்கள். இவனுடைய அக்கா தர்ஷினிக்கும் அதே மாதம் அது வந்து, தொண்டை வலியோடு போய்விட்டது.

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். காய்ச்சல் எனக்குப் புதிதல்ல. ஆனால் காலையில் பெயர் சொன்னதும் கண் திறந்தவன், மதியம் உலுக்கியும் திறக்கவில்லை.

டாக்டரம்மா கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல காய்ச்சல் வந்து தவறிப்போயிருக்காங்களா?"

பையனின் பெரியப்பா ஏழுமலை முந்திக்கொண்டார். "எங்க குடும்பத்துலயா? ஒருத்தர்கூட இல்லீங்கம்மா. எங்க பங்காளிங்க எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க. எங்கப்பா இந்த வயசுலயும் பௌர்ணமி தவறாம மலை சுத்துறாரு."

பையனின் அம்மா சுமதி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

2. ஊசி அறை

நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்த அறைக்குள் சுமதி வந்தாள்.

"சிஸ்டர், எங்கண்ணன் ஒருத்தரு, தம்பி ஒருத்தன். ரெண்டு பேருக்கும் இப்படித்தான் நெறி கட்டி, வயிறு வீங்கி, சின்ன வயசுலயே போயிட்டாங்க. பொண்ணுங்க நாங்க மூணு பேரும் நல்லாத்தான் இருக்கோம்."

"இத அப்பவே சொல்றதுக்கு என்னம்மா?"

"சொன்னா, உங்க வீட்டு ஆம்பளைங்க தங்க மாட்டாங்கன்றத மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டீங்களானு கேப்பாங்க சிஸ்டர். சொல்லாட்டி இவன் போயிடுவானோனு..."

நான் போனில் சொன்னதும் டாக்டரம்மா ஓடி வந்தார். அந்த வைரஸை அடக்கத் தேவையான ஒரு ஜீன் சில குடும்பங்களில் பழுதாக இருக்கும் என்றார். அது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். ஆணுக்கு அம்மாவிடமிருந்து வரும் ஒன்றுதான். அது பழுதானால் எதிர்ப்புச் சக்தியே கட்டுக்கடங்காமல் உறுப்புகளைத் தாக்கும். உடனே ஸ்டீராய்டு தொடங்கி, சென்னைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏழுமலையின் முகம் மாறியது. "அப்ப இது பொண்ணு வீட்டுலேர்ந்து வந்ததா?"

"அத வெச்சு இப்ப என்ன பண்ணப் போறீங்க? கைக்குழந்தையும் பையன்தான? அவனுக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு. ரத்தம் எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"நல்லா வெளையாடினு இருக்கற கொழந்தைய ஏங்க குத்தணும்?"

சுமதி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் கையை என்னிடம் நீட்டினாள். "எடுங்க சிஸ்டர்."

குழந்தை சிரித்துக்கொண்டே என் ஐடி கார்டை இழுத்தது. கார்டை அதனிடமே விட்டுவிட்டு நரம்பைத் தேடினேன்.

3. யார் வாயிலிருந்து வரும்

நிதிஷ் பிழைத்தான். மறுபடி வராமலிருக்க எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். தர்ஷினியுடையது பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னவனுக்கும் அதே பழுதுதான். வைரஸ் அவனை இன்னும் தொடவில்லை. ஒரு முறை வந்து போனவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்கள் எச்சிலில் அது அவ்வப்போது இருக்கும்; யாருடையதில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான். குடும்ப விவரம் கேட்டால் அப்பா வீட்டு ஆண்கள் பங்காளிகளை மட்டும் கணக்கில் எடுத்துப் பதில் சொல்லிவிடுவார்கள். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, அவளோடு பிறந்த ஆண்களைப் பற்றி ஒவ்வொருவராகக் கேளுங்கள். கேட்கும்போது குரலில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

போன வாரம் குழந்தையை செக்கப்புக்குக் கொண்டுவந்தார்கள். பெரியப்பாவைப் பார்த்ததும் அது கையை விரித்துக்கொண்டு தாவியது. ஏழுமலை தோள் துண்டால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு சுவர் வரை பின்னால் போனார்.

"வேணாம்டா கண்ணு. பெரியப்பாகிட்ட வராத."